முவேர்த்தோஸ் நாள்: பாண்டு படத்துக்கு முன்னாடி இருந்ததா, இல்லையா?

கேள்வி, 17 அக்டோபர் 2022

மெக்சிகோவுல முவேர்த்தோஸ் நாள்னு செத்தவங்களுக்காக ஒரு திருவிழா, தெரு பூரா எலும்புக்கூடு வேஷம், ஊர்வலம்னு ஆளாளுக்கு வீடியோ போடுறாங்க. அந்த ஊர்வலமே 2015ல வந்த ஜேம்ஸ் பாண்டு படத்துக்காக செட் போட்டு எடுத்தது, அதைப் பார்த்துட்டுத்தான் மறு வருஷம் நிஜமாவே நடத்த ஆரம்பிச்சாங்கன்னு படிச்சேன். அப்போ "மூவாயிரம் வருஷத்துப் பாரம்பரியம்"னு சொல்றது எல்லாம் சுற்றுலாத் துறை கட்டிவிட்ட கதைதானே? அந்தப் பக்கம் இருக்கிறவங்க யாராவது சொல்லுங்க.

17 அக்டோபர் 2022, இரவு

பாதி சரி. மெக்சிகோ நகரத்துல நடக்கிற அந்தப் பெரிய ஊர்வலம் 2016 அக்டோபர் 29 அன்னிக்குத்தான் முதல் தடவை கிளம்புச்சு. படம் பார்த்துட்டு வர்ற வெளிநாட்டுக்காரன் ஊர்வலம் எங்கேன்னு தேடுவான், ஏமாந்து போகக் கூடாதுன்னு அதிகாரிகளே வாய்விட்டுச் சொன்னாங்க. இதுல ரகசியம் ஒண்ணும் இல்ல.

ஆனா ஊர்வலம்தான் விழான்னு உங்ககிட்ட யார் சொன்னா? வீட்டுக்குள்ள ஒரு மேசை, கல்லறையில மெழுகுவர்த்தி, ராத்திரி முழிப்பு. விழா அவ்வளவுதான். ஊர்வலம் இல்லாம ஆயிரம் ஊர்ல நடக்குது. மேசை இல்லாம எங்கேயும் நடக்காது.

நான் இருக்கிறது கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ். மெக்சிகோ இல்ல. அக்கம்பக்கம் பாதிக்கு மேல மெக்சிகோக்காரங்க, அவ்வளவுதான் என் தகுதி.

18 அக்டோபர் 2022

மேசையில என்ன இருக்கும்னு கேட்டிருந்தாங்க. பக்கத்து போர்ஷன் செனோரா (ஸ்பானிஷ்ல அம்மான்னு மரியாதையா கூப்பிடுறது) வீட்டுல பார்த்ததைச் சொல்றேன். புயெப்லா மாநிலத்துக்காரங்க, எழுபது தாண்டியாச்சு, என்னை "மிஹா"ன்னு கூப்பிடுவாங்க, மகளேன்னு.

அக்டோபர் கடைசியில சோபாவைச் சுவரோரம் தள்ளிடுவாங்க. ஒரு மேசை, அதுக்கு மேல அட்டைப்பெட்டிங்க, எல்லாத்தையும் மூடி வெள்ளைத் துணி. படிப்படியா வந்திடும். இதுக்குப் பேரு ஒஃப்ரெண்டா. நம்ம வார்த்தையில படையல். சில வீட்டுல ரெண்டு படி, சில வீட்டுல மூணு, ஏழு வைக்கிறவங்களும் உண்டு. ரெண்டுன்னா வானமும் பூமியும், ஏழுன்னா பாதாளத்துக்குப் போற ஏழு நிலைன்னு அருங்காட்சியகத்துல விளக்கம் எழுதி வெச்சிருப்பான். உங்களுக்கு ஏன் மூணுன்னு செனோராகிட்ட கேட்டேன். "பெட்டி அவ்வளவுதான் இருந்துச்சு"ன்னாங்க.

உச்சிப் படியில போட்டோ. ஒரு டம்ளர் தண்ணி கட்டாயம், அவ்வளவு தூரம் நடந்து வர்றவங்களுக்குத் தாகமா இருக்கும். ஒரு கிண்ணத்துல உப்பு. மெழுகுவர்த்தி ஆளுக்கு ஒண்ணு, யாருமே நினைக்காத ஆத்துமாவுக்கு ஒண்ணு. கோபால்னு ஒரு மரப்பிசினைத் தணல்ல போட்டுப் புகை. உளியால வெட்டுன காகிதத் தோரணம். அந்தத் தோரணத்துக்குப் பேர்போன ஊர் புயெப்லாவுல இருக்கிற சான் சல்வதோர் உயிஷ்கொலோத்லா, அதைச் சொல்றப்போ செனோராவுக்குக் கழுத்து ஒரு அங்குலம் நிமிரும். செம்பசூச்சில் பூவை உதிர்த்து வாசப்படியில இருந்து மேசை வரைக்கும் ஒரு பாதை. நிறத்தையும் வாசத்தையும் பிடிச்சுக்கிட்டு வந்து சேர்ந்திடுவாங்களாம். பூ வேற ஒண்ணும் இல்ல, நம்ம செண்டுமல்லி.

சாப்பாடு, அவங்கவங்களுக்குப் பிடிச்சது. காய்ஞ்ச மிளகாய், எள்ளு, பட்டை, கொஞ்சம் சாக்லேட் எல்லாம் வறுத்து அரைச்ச மோலே குழம்பு. மக்காச்சோள மாவைத் தோகையில கட்டி அவிச்ச தமாலேஸ். வெல்லப்பாகுல வெந்த பரங்கிக்காய். வீட்டுக்காரருக்கு ஒரு பீர் பாட்டில், அது மூடி திறந்து இருக்கணும். மூடியோட வெச்சா அந்த மனுஷன் எப்படிக் குடிப்பார்?

நாள் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். பொதுவா அக்டோபர் 28 விபத்துலயும் வெட்டுக்குத்துலயும் போனவங்களுக்கு. 31 ராத்திரி குழந்தைங்க வருவாங்க, நவம்பர் 1 மத்தியானம் கிளம்புவாங்க. அப்போ பெரியவங்க வந்து மறுநாள் வரைக்கும் இருப்பாங்க. குழந்தைங்க வர்றப்போ மிளகாய் போட்டதை வைக்கக் கூடாதாம். பால், இனிப்பு, சின்னச் சின்ன ரொட்டி, அவ்வளவுதான்.

19 அக்டோபர் 2022

"ஆவி நிஜமாவே வந்து சாப்பிடுமா"ன்னு கேட்டவருக்கு: ருசியையும் வாசத்தையும் அவங்க எடுத்துக்குவாங்க, மிச்சம் நமக்குன்னு செனோரா சொல்றாங்க. போன வருஷம் படையல் கலைச்சப்புறம் எனக்குக் குடுத்த தமாலேஸ்ல உப்பு குறைச்சல்தான். அது ஆவி எடுத்ததா, செனோரா பி.பி.க்கு மாத்திரை போடுறதாலயான்னு எனக்குத் தெரியாது.

20 அக்டோபர் 2022

மூவாயிரம் வருஷக் கணக்குக்கு வருவோம். அந்த நம்பரை நானும் விளம்பரப் பலகையில பார்த்திருக்கேன், நம்பல.

நவம்பர் 1, 2 ரெண்டும் சுத்தமான கத்தோலிக்கத் தேதி. சகல புனிதர் திருநாள், சகல ஆத்துமாக்கள் திருநாள். ரெண்டாம் தேதியை, மோட்சம் போறதுக்கு முன்னாடி பாவம் கழிய உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்குன்னு பிரான்ஸ்ல க்ளூனி மடத்துத் தலைவர் ஒடிலோ 998 வாக்குல ஏற்படுத்தினார். எங்க கடற்கரை ஊர்ல அன்னிக்குத்தான் கல்லறைத் திருநாள். முந்தின வாரமே புல்லு வெட்டி, சுண்ணாம்பு அடிச்சு, மாலை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி, சாமியார் வரிசையா வந்து தீர்த்தம் தெளிப்பார். லாஸ் ஏஞ்சல்ஸ் வந்த புதுசுல இதே தேதியில தெருவெல்லாம் பூவும் மெழுகுவர்த்தியுமா பார்த்தப்போ எனக்கு இது புதுசாவே தோணல. சாப்பாடுதான் புதுசு. எங்க ஊர்ல கல்லறைக்குச் சோறு கொண்டுபோனா கோயில்பிள்ளையே விரட்டுவார்.

இன்னொரு பக்கம், ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடி மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக் மக்களுக்குன்னு இறந்தவங்க விழா ரெண்டு இருந்துச்சு. அவங்க வருஷத்துல இருபது நாளுக்கு ஒரு மாசம். ஒன்பதாவது மாசத்துல சின்னவங்களுக்கு, பத்தாவதுல பெரியவங்களுக்கு. நம்ம காலண்டர்ல ஆகஸ்ட் வாக்குல வரும். பதினாறாம் நூற்றாண்டுல அங்கேயே வளர்ந்த தியேகோ துரான்னு ஒரு தொமினிக்கன் துறவி இதை நோட்டம் விட்டிருக்கார். சகல புனிதர் நாள்ல ஜனங்க குழந்தைங்களுக்குப் படைக்கிறாங்க, மறுநாள் பெரியவங்களுக்குப் படைக்கிறாங்க, பழைய விழாவைத்தான் நம்ம தேதிக்கு நகர்த்திட்டாங்கன்னு அவருக்குச் சந்தேகம். சந்தேகப்பட்டு எழுதி வெச்ச புண்ணியவான் தயவுலதான் நமக்கு இது தெரியுது.

எல்சா மால்விதோன்னு ஒரு மெக்சிகோ வரலாற்று ஆய்வாளர் நேர் எதிரா வாதாடினாங்க. சர்க்கரை மண்டையோடு, எலும்பு வடிவ ரொட்டி எல்லாம் ஐரோப்பியக் கத்தோலிக்கச் சரக்கு, இதுல அஸ்தெக்கைத் தேடுறது இருபதாம் நூற்றாண்டு தேசியவாதிங்க கிளப்பிவிட்டதுன்னு. ஸ்பெயின்லயும் இத்தாலியிலயும் நவம்பர் தொடக்கத்துல எலும்புன்னு பேர் வெச்ச பலகாரம் இன்னிக்கும் விக்குது, அதனால அவங்க சொல்றதை ஒரேயடியாத் தள்ள முடியாது. ஆனா வாசல்ல இருந்து பூப்பாதை போட்டு, பிசின் புகைச்சு, மக்காச்சோளத்தைப் படைக்கிறதை எந்த ஐரோப்பியன் சொல்லிக் குடுத்தான்? யுனெஸ்கோ பட்டியல்ல 2008ல சேர்த்தப்போ "பழங்குடி மக்களின் விழா"ன்னுதான் பேர் போட்டாங்க.

23 அக்டோபர் 2022

"தொப்பி போட்ட அந்த எலும்புக்கூட்டு அம்மாதான் அஸ்தெக் மரண தேவதையா?"

இல்ல. அஸ்தெக் பாதாளத்துக்கு மிக்தேகாசிவாத்ல்னு ஒரு அரசி உண்டு, அது வேற. தொப்பிக்காரி ஒரு கேலிச்சித்திரம், இன்னிக்கு அவளுக்குப் பேரு கத்ரீனா. ஹோஸே குவாதலூப்பே பொசாதான்னு ஒரு மெக்சிகோ அச்சு ஓவியர் வரைஞ்சது, 1913ல அச்சுல வந்தது. தன் பூர்வகுடி ரத்தத்தை மறைச்சுக்கிட்டு ஐரோப்பியச் சீமாட்டி மாதிரி மினுக்குறவங்களைக் கிண்டல் பண்ணினது. பொசாதா போட்டது தலையும் தொப்பியும் மட்டும். உடம்பு, உடுப்பு, கழுத்துல இறகுப் பாம்பு எல்லாம் மெக்சிகோ ஓவியர் தியேகோ ரிவேரா 1947ல முடிச்ச ஒரு சுவரோவியத்துல போட்டு விட்டது. அந்த ஓவியத்துல பொசாதாவே அவ கையைக் கோத்துக்கிட்டு நிக்கிறார், இன்னொரு கையைச் சின்னப் பையனா ரிவேரா பிடிச்சிருக்கார். இன்னிக்கு முகத்துல வெள்ளை பூசிக்கிட்டு நிக்கிற கத்ரீனாக்கள் எல்லாம் அந்தச் சுவர்ல இருந்து இறங்கினவங்கதான்.

பொசாதா அந்தப் படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே செத்துப் போனார். ஏழைங்களுக்கான குழி. கேக்க ஆள் இல்லாம எலும்பு பிற்பாடு பொதுக்குழிக்குப் போயிடுச்சு. நாடு முழுக்க மண்டையோடு வரைஞ்சு குடுத்தவருக்குப் பூ வைக்க ஒரு கல்லறை கிடையாது.

25 அக்டோபர் 2022

கேள்வி போட்டவர் விடல. "அப்போ தேதி ரோமாபுரி, படம் 1913, ஊர்வலம் 2016. எல்லாமே இரவல்னு ஒத்துக்கிட்டீங்க"ன்னு எழுதியிருக்கார்.

இருங்க, உங்க பக்கத்துக்கு நானே இன்னொரு சாட்சி தர்றேன். அமெரிக்காவுல நீங்க பார்க்கிற முவேர்த்தோஸ் நாள் 1970களின் தொடக்கத்துல உண்டானது. எங்க பக்கத்துல செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ்னு ஒரு அச்சுக்கலைக் கூடம். கேரன் பொக்காலேரோன்னு ஒரு பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரியும், மெக்சிகோவுல இருந்து வந்த கார்லோஸ் புவேனோ, அந்தோனியோ இபான்யெஸ்னு ரெண்டு கலைஞர்களும் தொடங்கினது. சான் பிரான்சிஸ்கோவுல கலேரியா தே லா ராசான்னு ஒரு கலைக்கூடம். இந்த ரெண்டு இடமும்தான் ஒஃப்ரெண்டாவை வீட்டுல இருந்து தெருவுக்கும் கண்காட்சிக் கூடத்துக்கும் கொண்டுவந்தது. இங்க எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்துல இருந்து முகத்துல சாயம் பூசிக்கிட்டு நடந்தாங்க. வந்த பிள்ளைங்கள்ல பலருக்கு வீட்டுல படையல் போட்டுப் பழக்கமே கிடையாது. பாட்டி காலத்தோட நின்னுபோச்சு.

காலத்தையும் பாருங்க. 1970 ஆகஸ்ட் 29 அன்னிக்கு இதே கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல வியட்நாம் போருக்கு எதிரா பெரிய சிக்கானோ (அமெரிக்காவுல வாழுற மெக்சிகோ வம்சாவளிக்காரங்க) பேரணி. அதுல ஷெரிஃப் ஆள் அடிச்ச கண்ணீர்ப்புகைக் குண்டு பட்டு ரூபென் சலசார்ங்கிற பத்திரிகையாளர் செத்துப் போறார். போர்ல பிள்ளைங்க சாகுறாங்க. தாத்தா பாட்டி கல்லறை எல்லைக்கு அந்தப் பக்கம். துக்கம் இருக்கு, போய் உட்கார ஒரு இடம் இல்ல. அதனால இடத்தை உண்டாக்கினாங்க.

இது எனக்கு வருஷம் போகப் போகத்தான் புரிஞ்சது. செனோராவுக்கு இங்க இருக்கிறதுக்கான குடியேற்றப் பேப்பர் இல்ல. அவங்க அம்மா செத்தப்போ போகல, வீட்டுக்காரரைச் சொந்த ஊர்ல அடக்கம் பண்ணப்போ போகல. போனா திரும்ப வர முடியாது, பேரப்பிள்ளைங்க இங்க. புயெப்லாவுல இருந்திருந்தா ரெண்டாம் தேதி கல்லறையில உட்கார்ந்திருப்பாங்க, வீட்டு மேசை அதுல பாதி வேலைதான். இங்க அந்த மேசையே கல்லறை. மூவாயிரம் வருஷமோ முப்பது வருஷமோ, அவங்ககிட்ட போய் இரவல்னு சொல்லிப் பாருங்க.

26 அக்டோபர் 2022

மேல எழுதினது கொஞ்சம் காரமாப் போச்சுன்னு அண்ணாச்சி ஒருத்தர் தனிமடல் போட்டிருக்கார். இருக்கட்டும் அண்ணாச்சி. உப்பு குறைச்சலா இருந்தாத்தான் தப்பு.

ஒண்ணு விட்டுப்போச்சு. செல்ஃப் ஹெல்ப் கூடத்தோட ரொம்ப வருஷமாச் சேர்ந்து ஒஃப்ரெண்டா கட்டுறவங்க ஒஃபேலியா எஸ்பார்சா. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்லயே பிறந்தவங்க, தொண்ணூறு வயசு. அம்மாகிட்ட கத்துக்கிட்டதை மகள்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்காங்க. 2018ல அமெரிக்க அரசோட கலை நிதியம் நாட்டுப்புறக் கலைக்கான தன் பெரிய விருதைக் குடுத்துச்சு. அப்போ "1970களின் தொடக்கத்துல உண்டானது"ன்னு நான் சொன்னது தெருவுக்கு வந்ததைத்தான். சில வீடுங்களுக்குள்ள அது நிக்கவே இல்ல.

28 அக்டோபர் 2022

"நாம வைக்கலாமா?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும்.

செனோரா போன வருஷமே சொன்னாங்க, உங்க அம்மா போட்டோவைக் கொண்டா, இடம் இருக்குன்னு. நான் கொண்டுபோகல. மதம் காரணமில்ல. எங்கம்மாவுக்குத் தெரியாத வீட்டுல போய் உட்காரப் பிடிக்காது, கல்யாண வீட்டுக்கே ரெண்டு தடவை அழைக்கணும்.

தம்பி சென்னையில பெந்தெகொஸ்தே சபைக்குப் போறான். செனோரா வீட்டு மேசையைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்ல போட்டதுக்கு ஒரு மணி நேரம் வசனம் அனுப்பினான். சிரிக்காதீங்க, செனோராவோட மூத்த மருமகளும் இவாஞ்சலிக்கல் சபைதான். ரெண்டாம் தேதி வருவா, மேசைப் பக்கம் திரும்பாம சமையல்கட்டுல நின்னு பாத்திரம் கழுவுவா, படையல் ரொட்டியைத் தொட மாட்டா. லத்தீனோன்னா, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளின்னா, எல்லாரும் இதைக் கொண்டாடுறாங்கன்னு நினைக்க வேணாம். மாமியாருக்கும் மருமகளுக்கும் இதுல ஒரு ஒப்பந்தம் இருக்கு: படையலுக்கு முன்னாடியே எடுத்து வெச்ச ரொட்டின்னா சாப்பிடுவா.

2 நவம்பர் 2022

காலையில நாலரைக்கு அக்கா வீடியோ கால். அங்க சாயங்காலம் அஞ்சு. கடக்காத்துல மெழுகுவர்த்தி நிக்காதுன்னு தண்ணி பாட்டிலை அறுத்துக் கவுத்து வெச்சிருக்கா. அம்மா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிச்ச ஆள் பக்கத்துக் கல்லறைக்கும் சேர்த்து அடிச்சிட்டு அதுக்கும் கூலி கேக்குறானாம். அனுப்பி விட்டேன்.

வேலை முடிஞ்சு வந்து செனோரா வீட்டுல மோலே. இன்னிக்கு இவ்வளவுதான்.

6 நவம்பர் 2022

"சாவைப் பார்த்துச் சிரிக்கிற ஜனங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். நானும் முன்னாடி இப்படிச் சொல்லித் திரிஞ்சவதான், இப்போ அவ்வளவு உறுதி இல்ல.

சிரிப்பு உண்டு. கலவேரான்னு ஒரு கேலிப்பாட்டு வகை இருக்கு, உயிரோட இருக்கிற ஆளைச் செத்ததா வெச்சு எழுதுறது. வாத்தியார், மேனேஜர், ஜனாதிபதி யாரையும் விடுறதில்ல. மரணம் வந்து கதவைத் தட்டும், இவர் வரி பாக்கி இருக்குன்னு சாக்கு சொல்வார், இழுத்துக்கிட்டுப் போயிடும். பள்ளிக்கூடத்துல போட்டி கூட வைக்கிறாங்க. நெத்தியில நம்ம பேர் எழுதின சர்க்கரை மண்டையோட்டை நாமே கடிச்சுத் திங்கலாம்.

ஆனா 2020ல மெக்சிகோவுல கொரோனா சாவு தாங்க முடியாம கல்லறைத் தோட்டங்களை மூடி, அக்டோபர் 31ல இருந்து மூணு நாள் தேசிய துக்கம்னு அறிவிச்சாங்க. அந்த வருஷம் செனோரா கேலி ஒண்ணும் பேசல. பெட்டிங்க மேல போட்டோ நிறைய இருந்துச்சு.

இந்த வருஷம் டெக்சஸ்ல பாருங்க. மே மாசம் யுவால்டி பள்ளிக்கூடத்துல 19 குழந்தைங்களையும் 2 ஆசிரியைங்களையும் சுட்டுக் கொன்னாங்களே, அந்தக் குடும்பங்கள் நவம்பர் 1 அன்னிக்கு ஆஸ்டின்ல சட்டமன்றக் கட்டடத்துக்குப் போய் ஒஃப்ரெண்டா வெச்சு, கவர்னர் மாளிகை வரைக்கும் நடந்தாங்க. நவம்பர் 1 குழந்தைங்க வர்ற நாள். அந்த மேசைகள்ல இருந்தது பொம்மையும் பிடிச்ச சிப்ஸ் பாக்கெட்டும். அதைப் பார்த்து எவன் சிரிப்பான்? படையல் மனுவாவும் ஆகுது. எய்ட்ஸ்ல போனவங்களுக்கு, எல்லைப் பாலைவனத்துல தண்ணி இல்லாம செத்தவங்களுக்கு, மெக்சிகோவுல 2014ல காணாமப் போன அயோத்சினாபா மாணவர்கள் 43 பேருக்கு, எல்லாருக்கும் பொது இடத்துல மேசை வெச்சிருக்காங்க. அந்த 43 பேர்ல பெரும்பாலானவங்களோட பெத்தவங்க படையல் வேண்டாம்னே சொல்லிட்டாங்க, பிள்ளை செத்துட்டான்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும்ல.

9 நவம்பர் 2022

அருமைன்னு எழுதின அத்தனை பேருக்கும்: ரொட்டி செய்முறை கிடையாது, என் அடுப்பு சரியில்ல.

14 அக்டோபர் 2023

இழை மறுபடி மேல வந்திருக்கு, ஏன்னா ஒருத்தர் "செண்டுமல்லி நம்ம பூ, போர்ச்சுகீசியர் இங்கேருந்து மெக்சிகோவுக்குக் கொண்டுபோனாங்க"ன்னு போட்டிருக்கார். தலைகீழ். செடியோட சொந்த மண் மெக்சிகோ. ஸ்பெயின்காரன் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனான், போர்ச்சுகீசியர் மூலமா நம்ம கரைக்கு வந்துச்சு. ஐநூறு வருஷத்துக்குள்ள ஆயுதபூஜை, கல்யாணம், சவ ஊர்வலம் எல்லாத்துலயும் புகுந்துடுச்சு. இந்த ஆளை மட்டும் ஏன் இரவல்னு யாரும் சொல்றதில்ல?

வேடிக்கை இன்னும் இருக்கு. இந்தப் பூவோட மஞ்சள் நிறமியைக் கோழித்தீவனத்துல கலப்பாங்க, முட்டை மஞ்சக்கரு நல்லா சிவந்து இருக்கறதுக்கு. அதுக்காகச் சத்தியமங்கலம் பக்கம் ஒப்பந்த விவசாயமா செண்டுமல்லி போடுறாங்க. மெக்சிகோவுல பார்த்தா, தொட்டியில விக்கிற குட்டைச் செண்டுமல்லி பலதும் வெளியில இருந்து வந்த கலப்பின விதை. உயரமா வளர்ற நாட்டுப்பூவை வாங்குங்கன்னு அங்க பிரசாரம் நடக்குது. செனோராவுக்கு இந்த அரசியல் எல்லாம் கிடையாது. மோந்து பார்ப்பாங்க, வாசம் இல்லாட்டி வெச்சிட்டு வந்துடுவாங்க.

30 அக்டோபர் 2023

வியாபாரம் பத்திக் கேட்டவருக்கு. 2013ல டிஸ்னி "தியா தே லோஸ் முவேர்த்தோஸ்"ங்கிற பேருக்கே வணிகமுத்திரை உரிமை கேட்டு விண்ணப்பிச்சுது, படம் எடுக்கப் போறோம்னு. ஊர் கொதிச்சது, திரும்ப வாங்கிக்கிட்டாங்க. கார்ட்டூன் போட்டு நாறடிச்ச லாலோ அல்கராசையே பிற்பாடு அந்தப் படத்துக்கு ஆலோசகரா வெச்சாங்க. 2019ல பார்பி பொம்மை வந்தது. 2021ல அமெரிக்க அஞ்சல் துறை ஸ்டாம்பு போட்டுச்சு. இங்க செப்டம்பர்லயே ஹாலோவீன் சாமானோட சேர்த்து மண்டையோட்டு மெழுகுவர்த்தி விக்கிறான்.

எனக்குக் கோவம் வருமான்னு கேட்டா, ஸ்டாம்பு பிடிச்சிருக்கு. பொம்மை பிடிக்கல. ஏன்னு யோசிச்சேன், காரணம் சொல்லத் தெரியல. செனோராவோட பேத்திகிட்ட அந்தப் பொம்மை இருக்கு. செனோரா அதை ஒஃப்ரெண்டா பக்கத்துல நிக்க வெச்சிருக்காங்க, காவலுக்காம்.

3 நவம்பர் 2023

இந்த வருஷம் வேற மாதிரி போச்சு. செனோராவோட தம்பி ஜூலையில செத்துப் போனார், ஊர் புயெப்லாவுல இருக்கிற உவாகெச்சூலா. அந்த ஊர்ல அந்த வருஷம் செத்தவங்களுக்கு மட்டும் தனிப் படையல்: வெள்ளைச் சாட்டின் துணியில மேலே கூரை தொடுற அளவுக்கு அடுக்கடுக்கா ஒரு கோபுரம், பொம்மை தேவதைங்க, அடியில போட்டோவுக்கு எதிர்ல கண்ணாடி. போட்டோவை நேராப் பார்க்கக் கூடாது, கண்ணாடியிலதான் தெரியும். யார் வேணும்னாலும் மெழுகுவர்த்தியோ பூவோ எடுத்துக்கிட்டு உள்ள போகலாம், போறவங்களுக்கு மோலேயும் ரொட்டியும் சாக்லேட் பானமும் குடுத்தே ஆகணும். ஊரே வரும், டூரிஸ்ட்டும் வருவான். செலவு? இங்கேருந்து போற டாலர். செனோரா வருஷம் பூரா சீட்டு கட்டின காசு அதுலதான் போச்சு.

வீடியோ கால்ல காட்டினாங்க. ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கிட்டு ஓடுறதுல கோபுரம் பாதி, யாரோ ஒருத்தர் காது பாதின்னுதான் தெரிஞ்சது. கண்ணாடிக்கு நேரா கேமராவைப் பிடிங்கன்னு செனோரா இங்கேருந்து கத்துறாங்க. பிடிச்சாங்க. தம்பி முகம் தெரியல, போன் வெளிச்சம்தான் தெரிஞ்சது. அப்போதான் உட்கார்ந்து அழுதாங்க. போன வருஷம் சிரிப்பு, அழுகைன்னு நான் எழுதினதை எல்லாம் யாராவது எடுத்து மேற்கோள் காட்டாதீங்க, தயவுசெஞ்சு.

அவங்களுக்குத் துணையா இருக்கட்டும்னு கோபாலை நானே புகைச்சேன், கொஞ்சம் தாராளமா. கட்டடம் முழுக்க ஸ்மோக் அலாரம் அடிச்சிடுச்சு. மூணாவது மாடி கொரியாக்காரத் தாத்தா நாய்க்குட்டியோட இறங்கி வந்துட்டார். அவருக்கும் மோலே.

10 நவம்பர் 2024

"லத்தீனோன்னா மெக்சிகோ மட்டும்தானா?" நியாயமான கேள்வி, ரெண்டு வருஷம் கழிச்சாவது யாரோ கேட்டாங்க.

வேலை இடத்துல கூட இருக்கிற குவாத்தமாலாப் பொண்ணு ஒஃப்ரெண்டா வைக்க மாட்டா. அவங்க ஊர்ப்பக்கம் சும்பாங்கோவுலயும் சாந்தியாகோ சகாதெபேக்கெஸ்லயும் நவம்பர் 1 அன்னிக்குக் கல்லறைக்குப் பக்கத்துல ராட்சசப் பட்டம். மூங்கில் சட்டத்துல டிஷ்யூ காகிதம் ஒட்டி, வீட்டை விட உயரமா. ரொம்பப் பெருசு பறக்காது, நிமிர்த்தி நிறுத்தறதுக்கே ஒரு கூட்டம் வேணும். சாப்பாடு ஃபியாம்ப்ரே, காயும் இறைச்சியும் கலந்து காடியில ஊறின குளிர்ச் சாலட். எனக்கு இறங்கல.

எக்குவதோர்ல ஊதாநிறக் கஞ்சியும் குழந்தை வடிவ ரொட்டியும். பொலிவியாவுல இன்னும் ஒரு படி மேல: நவம்பர் 8ஆம் தேதி லா பாஸ் கல்லறைக்கு நிஜ மண்டையோட்டையே எடுத்துக்கிட்டு வருவாங்க, பூக்கிரீடம் வெச்சு, கூலிங் கிளாஸ் போட்டு, வாயில சிகரெட் சொருகி. ஞாத்தித்தாஸ்னு செல்லப் பேரு. மெக்சிகோவுலயே காம்பெச்சே மாநிலத்துப் போமுச் ஊர்ல, புதைச்சு மூணு வருஷம் ஆனதும் எலும்பை எடுத்து, வருஷா வருஷம் துடைச்சு, பூத்தையல் போட்ட புதுத் துணி மாத்தி மரப்பெட்டியில வைப்பாங்க. இதைத் தம்பிகிட்ட சொன்னேன். பதிலுக்கு வசனம் வரல, போன்தான் வந்துச்சு, "அக்கா நீ ஊருக்கு வந்துடு"ன்னு.

அம்மா போட்டோ என்னாச்சுன்னு கேக்குறவங்களுக்கு: செனோரா இந்த வருஷம் கேக்கல. தண்ணி டம்ளர் மட்டும் ஒண்ணு கூட வெச்சிருந்தாங்க. யாருக்குன்னு நானும் கேக்கல.

12 நவம்பர் 2024

புது அடுப்பு. சரி, ரொட்டி. மைதா அரைக் கிலோ, சர்க்கரை நூறு கிராம், வெண்ணெய் நூறு கிராம், முட்டை நாலு, ஈஸ்ட் ரெண்டு டீஸ்பூன், அரை டம்ளர் வெதுவெதுப்பான பால், ஒரு சிட்டிகை உப்பு, ஆரஞ்சுத் தோலைத் துருவினது. ஆரஞ்சுப் பூ பன்னீர் கிடைச்சா ஒரு ஸ்பூன், கிடைக்காட்டி சோம்பு. நல்லாப் பிசைஞ்சு ரெண்டு மடங்கு ஆகுற வரைக்கும் விடணும். கொஞ்சம் மாவை எடுத்து வெச்சிட்டு மீதியை உருண்டை பண்ணி, எடுத்து வெச்சதை எலும்பு மாதிரி உருட்டி மேலே குறுக்க நெடுக்க ஒட்டி, நடுவுல மண்டைக்கு ஒரு சின்ன உருண்டை. மறுபடி உப்பினதும் 180 டிகிரியில அரை மணி நேரம். மெக்சிகோ நகரத்துக்காரங்க வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவுவாங்க. புயெப்லாக்காரங்க எள்ளு. செனோரா இதைப் படிக்க மாட்டாங்க, இருந்தாலும் எள்ளே போடுங்க.